கிரீஸ் படாத சட்டை

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கால் மேஸ்திரி தியேட்டரை விட்டு ஓடிவிட்டார் என்பதுதான் ஊரில் பேச்சு. ஓடினாரா, வேகமாக நடந்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. போனார் என்பதில் இல்லை. அதுவும் எந்தப் படம்? அவர் குடும்பத்தையே வைத்து எடுத்த படம். போரில் மகனைப் பறிகொடுத்த ஒரு வீடு எப்படி அழுகிறது, சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு எப்படிச் சாப்பிடுகிறது என்றெல்லாம் காட்டும் படம். மேஸ்திரி வீட்டில் இருப்பதே மூன்று நாற்காலி, அதில் ஒன்று ஆட்டம் காணும், காலியாக விட்டால் யாராவது தரையில்தான் உட்கார வேண்டும் என்பது வேறு விஷயம்.

ஏன் ஓடினார்? பணம் என்றார் உதிரிபாகக் கடைக்காரர். "கதையை வாங்கிட்டுக் காசு குடுக்கலைங்க. வேறென்ன இருக்கப்போவுது?" விசாரித்தால், படக் கம்பெனியிலிருந்து பணக் கவரோடு வந்தவரை மேஸ்திரி வாசலோடு திருப்பி அனுப்பியபோது பக்கத்தில் நின்று பார்த்தவரே இந்தக் கடைக்காரர்தான். தான் பார்த்ததைவிடத் தான் சொன்னதை நம்புகிற மனிதர்.

வயிறு என்றார் முடிதிருத்தும் கடைக்காரர். "வயசான உடம்பு. ஏசி வேற. அடக்க முடியுமா?" தியேட்டர் வாட்ச்மேனைக் கேட்டால், "பாத்ரூம் பக்கமே அவர் போகலீங்க. நேரா வண்டி ஸ்டாண்டுக்கு வந்தாரு. தன்னோட ஸ்கூட்டர் பக்கத்துல குந்திக்கிட்டு எதையோ முடுக்கிக்கிட்டே இருந்தாரு. வண்டி நல்ல வண்டிதான்" என்கிறார்.

மூன்றாவது, துக்கம் தாளாமல் எழுந்து போனார் என்பது. இது பத்திரிகையில் வந்தது, போட்டோவோடு. அதனால் இதுவே நிலைத்துவிட்டது. கேட்க நன்றாகவும் இருந்தது.

மூன்றில் எது என்று தேடிக்கொண்டு போனால், மேஸ்திரியின் கால்களிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அவர் லாரி மெக்கானிக். சிறு வயதிலிருந்தே லாரிகளுக்கு அடியில் படுத்து வாழ்ந்தவர். ஒர்க்ஷாப்புக்கு வருகிறவர்களுக்கு அவர் என்றால் இரண்டு கால்கள். மிச்சமெல்லாம் வண்டிக்குக் கீழே. பேரம் பேசுவது, பழுது சொல்வது, ஊர் வம்பு அளப்பது எல்லாம் அந்தக் கால்களோடுதான். நாளடைவில் கால்களும் பேசக் கற்றுக்கொண்டன. கட்டைவிரல் ஆடினால் மனிதர் நல்ல மனநிலையில் இருக்கிறார். கணுக்கால் இரண்டும் பின்னிக்கொண்டால் கூலியில் ஒரு பைசா குறையாது. பெண் கொடுக்க வந்த மாமனார் பேசி முடித்ததும் இந்தக் கால்களோடுதான். கால்கள் தலையாட்டவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை என்று அவர் வீட்டில் போய்ச் சொன்னாராம்.

வேலை இருந்தால்தான் கீழே போவார் என்றில்லை. மாமியார் வந்தாலும், மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்தாலும், மைத்துனர்கள் சொத்துப் பேச வந்தாலும் லாரிக்கு அடியில் போய்விடுவார். மேலே நடப்பது எதுவும் அங்கே வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். அதற்குள் பாதிப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும் என்பது அவர் கண்ட அனுபவம். மீதிப் பாதியை அவர் மனைவி தீர்ப்பார் என்பது அவர் காணாமல் விட்டது.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் பழகியவர். ஒரு மனிதன் வாய்விட்டுச் சொல்லாததைப் படிப்பது அவருக்குப் பெரிய காரியமில்லை.

பிள்ளைகள் இரண்டு. பெரியவன், சின்னவள். பெரியவனுக்குக் காது நல்ல காது. தெருமுனையில் லாரி திரும்பும்போதே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். மேஸ்திரி மனதுக்குள் கடைப் பெயர்ப்பலகையை மாற்றி எழுதி, மகனின் பெயரையும் சேர்த்து, எந்த நிற பெயிண்ட் என்பதுவரை முடிவு செய்துவிட்டார். இதை மகனிடம் மட்டும் சொல்லவில்லை. மகன் அதற்குள் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போய், ஓடி, குதித்து, தேறி, ஒரு சாப்பாட்டு வேளையில் வந்து சொன்னான்.

"லாரிக்கு அடியில படுக்கப் பயமாடா?" என்றார் மேஸ்திரி.

"பயமில்லப்பா. மேல என்ன இருக்குன்னு பார்க்கணும்."

"மேல ஒண்ணும் இல்ல. நான் பார்த்துட்டுத்தான் கீழ வந்தேன்."

வேறொரு நாளாக இருந்தால் வீடே சிரித்திருக்கும். அன்றைக்கு சோற்றுத் தட்டுகளின் சத்தம் மட்டும் கேட்டது. அதிலிருந்து அப்பாவுக்கும் மகனுக்கும் நேர்ப் பேச்சு நின்றுபோனது. ஒரே அறையில் இருந்துகொண்டே எல்லாம் அம்மா வழியாகப் போய்வந்தது.

"உன் புள்ளைகிட்ட சொல்லு, அந்த டார்ச்சை எடுத்துக் குடுக்கச் சொல்லு."

"அம்மா, அவர்கிட்ட சொல்லு, டார்ச் அவர் கையிலதான் இருக்கு."

"ரெண்டு பேரும் என்னைத் தபால் ஆபீஸ் ஆக்கிட்டீங்க. ஸ்டாம்பு ஒட்டினாத்தான் இனிமே சேதி போகும்" என்றார் அம்மா.

பயிற்சி முடிந்து மகன் விடுப்பில் வந்தபோதும் பேச்சு தபால் ஆபீஸ் வழியாகத்தான் நடந்தது. அந்த விடுப்பும் முழுதாக நிலைக்கவில்லை. எல்லையில் சண்டை மூண்டு, உடனே திரும்பி வரச் சொல்லி உத்தரவு வந்தது. அவன் கிளம்பிய அன்றைக்கு மருந்துக்கடை முதலாளி ஊரில் இல்லை. அம்மா கடையைத் திறந்தாக வேண்டும். மகனுக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து, அவன் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டார். சின்னவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு, போகிற வழியில் ஒர்க்ஷாப்புக்கு வந்தான்.

மேஸ்திரி ஒரு லாரிக்கு அடியில் இருந்தார். கியர்பாக்ஸைத் தூக்கி மாட்டுகிற நேரம் என்றால் வெளியே வர முடியாது, இரண்டு கையும் அதன் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும், கடவுளே வந்து நின்றாலும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் கியர்பாக்ஸ் முந்தின நாளே மாட்டியாகிவிட்டது. போல்ட்டுகளும் முடுக்கியாகிவிட்டது. காலையிலிருந்து அவர் அங்கே சும்மாதான் படுத்திருந்தார். மகன் கிளம்புகிற நாள் என்று அவருக்குத் தெரியும்.

"அப்பா, கிளம்புறேன்."

தபால் ஆபீஸ் இல்லாமல் நேராக வந்த சொல். மேஸ்திரி ஸ்பானரை எடுத்து, ஏற்கெனவே முடுக்கிய போல்ட்டை மறுபடியும் முடுக்கினார். வேலை நடக்கிறது என்று சத்தம் கேட்க வேண்டுமே. லாரியின் ஓரத்தில் இரண்டு பட்டாளத்து ஷூக்கள் நின்றன.

"அப்பா."

போல்ட் இன்னும் இறுகியது. ஷூக்கள் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு திரும்பி, வாசல் வெளிச்சத்தில் போய், மறைந்தன. அடுத்த லீவுக்கு வரட்டும், பேசிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த போல்ட்டின் மரை போய்விட்டது. அடுத்த வாரம் லாரிக்காரர் வந்து, "என்ன மேஸ்திரி, உங்க கையா இது?" என்று கேட்டார். அவர் கெடுத்த முதல் போல்ட் அதுதான்.

அடுத்த லீவு வரவில்லை. கொடி போர்த்திய பெட்டிதான் வந்தது. அதைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

வீடு கொள்ளாத கூட்டம். மனைவியின் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, துக்க வீட்டில் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"கடைசியா உங்ககிட்ட சொல்லிட்டுப் போனானா, மச்சான்?"

மேஸ்திரி வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து வேறு யாரோ பேசினார்கள்.

"சொன்னான். நான் வெளிய வந்து அப்படியே கட்டிப் பிடிச்சேன். வெள்ளைச் சட்டை. முதுகெல்லாம் என் கை கிரீஸ். 'என்னப்பா இது, ரயில்ல எல்லாரும் பார்ப்பாங்களே'ன்னு சிரிச்சுக்கிட்டே போனான்."

மைத்துனர் கதறினார். கூட்டமே கதறியது. சுவரில் சாய்ந்திருந்த மனைவி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். நம்பிவிட்டாள் என்று மேஸ்திரி எடுத்துக்கொண்டார். சின்னவள் அந்தக் கதையைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள். அண்ணனைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வாள். வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணமாகிப் போன பிறகும் புகுந்த வீட்டில் அது அவளோடு போனது. மேஸ்திரிக்குத் திருத்த வாய்ப்பே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு லாரி கிடைத்தது.

வருடங்கள் கழித்து அந்தப் படத்தின் டைரக்டர் வந்தார். இளைஞர், மரியாதை தெரிந்தவர், தாடி வைத்திருந்தார். போரில் ஆள் இழந்த குடும்பங்களைத் தேடித் தேடிப் பேசி, ஒரு படம் எடுக்கப்போவதாகச் சொன்னார். இருக்கிற மூன்று நாற்காலியில் ஆட்டம் காணும் நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார். அதனாலேயே மனைவிக்கு அவரைப் பிடித்துப்போனது.

"ஐயா, மகனைக் கடைசியா எப்படி வழியனுப்புனீங்க?" என்றார்.

மனைவி கணவரின் முகத்தைப் பார்த்தார். டைரக்டரும் பார்த்தார். மேஸ்திரி, "வண்டி ஒண்ணு நிக்குது" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். கொல்லையில் வண்டி எதுவும் இல்லை. உள்ளே மனைவியின் குரல் கேட்டது. லாரி, கட்டிப் பிடித்தது, வெள்ளைச் சட்டை, கிரீஸ், ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்சிதான் படத்துக்கே உயிர் என்றார்கள். போஸ்டரில் அதுதான்: வெள்ளைச் சட்டை முதுகு, அதில் இரண்டு கரிய கை அடையாளம். படம் ஓடத் தொடங்கிய மறுவாரமே துணிக்கடைகளில் அந்தக் கை அடையாளம் அச்சிட்ட வெள்ளைச் சட்டை தொங்கியது. துவைத்தாலும் கறை போகாது என்பதற்கு உத்தரவாதம் உண்டாம். ஊரில் அதுவரை பெற்ற பிள்ளையை நிமிர்ந்து பார்க்காத அப்பாக்கள் எல்லாம் ரயில் நிலையத்தில் பிள்ளைகளைக் கட்டிப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் எந்தச் சண்டைக்கும் போகவில்லை, பக்கத்து ஊர் கல்லூரிக்குத்தான் போனார்கள்.

ஒருவர் வளர்ந்த மகனையே ஒர்க்ஷாப்புக்கு அழைத்துவந்துவிட்டார்.

"அண்ணே, இவன் நாளைக்கு வெளியூர் போறான். ஒரு தடவை கட்டிப் பிடிச்சுக் காட்டுங்கண்ணே. எனக்கு வரமாட்டேங்குது. கையை எங்க வைக்கிறதுன்னே தெரியல."

"வேலை இருக்கு" என்றன கால்கள்.

படத்தைப் பார்க்காமல் முடிந்தவரை தள்ளிப்போட்டார். ஆனால் போரில் ஆள் இழந்த குடும்பங்களுக்கென்று ஒரு சிறப்புக் காட்சி வைத்து, அவரையும் மனைவியையும் சின்னவளையும் முன்வரிசைக்கு அழைத்துவிட்டார்கள். படம் முடிந்ததும் மேடையேறி, மகனாக நடித்த பையனை அவர் ஒருமுறை கட்டிப் பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. விளம்பர வேலைகளைக் கவனிக்கும் தம்பி ஒரு சின்ன டப்பாவோடு வந்து பக்கத்தில் குனிந்தார்.

"கிரீஸ் நாங்களே கொண்டு வந்துட்டோம் ஐயா. நீங்க சிரமப்பட வேண்டாம்."

மேஸ்திரி முகர்ந்து பார்த்தார். "இதுல ரோஜாப்பூ வாசனை அடிக்குதே."

"மேக்கப் சாமான் ஐயா. தோலுக்கு ஒண்ணும் ஆகாது."

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு லாரி வந்தது. அதற்கு அடியிலிருந்து அப்பாவாக நடித்தவர் ஸ்பானரைத் தூக்கி எறிந்துவிட்டு உருண்டு வெளியே வந்தார். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டார் என்றுதான் மேஸ்திரிக்குத் தோன்றியது. ஒரு உருளல், ஒரு எழுச்சி, நாலு எட்டு. மகனைக் கட்டிப் பிடித்தார். தியேட்டர் முழுக்க விசும்பல். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

சின்னவள் இருட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கன்னமெல்லாம் ஈரம்.

"இப்படியேதானாப்பா?" என்றாள் காதோரம். "இப்படியேதான் பிடிச்சீங்களா?"

அப்போதுதான் அவர் எழுந்து போனார். பணமும் இல்லை, வயிறும் இல்லை. துக்கம் என்று பத்திரிகை எழுதியதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. எந்தத் துக்கம் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மனைவி மதியம் ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினார். மகளை மேடைக்காரர்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். மேஸ்திரி வாசலில் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"மேடையில உங்களைத் தேடினாங்க. கடைசியில அந்த நடிகரே உங்களுக்குப் பதிலா பையனைக் கட்டிப் பிடிச்சாரு."

மேஸ்திரி ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் பிடிச்சாரு. பழக்கமாயிடுச்சுல்ல அவருக்கு."

"நான் வெளிய வரலம்மா" என்றார் மேஸ்திரி.

"அதான் வந்துட்டீங்களே, பாதிப் படத்துல."

"தியேட்டரைச் சொல்லல. லாரியைச் சொல்றேன். அன்னைக்கு. அவன் வந்து நின்னப்போ நான் வெளிய வரல. கட்டிப் பிடிக்கல. ஒரு வார்த்தை பேசல."

மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். படியில் உட்கார்ந்தார்.

"தெரியும்" என்றார்.

"யார் சொன்னா?"

"நீங்கதான். துக்கத்துக்கு வந்தவங்ககிட்ட வெள்ளைச் சட்டைன்னீங்களே. அவன் போட்டுட்டுப் போனது பழுப்புக் கட்டம் போட்ட சட்டை. நான்தானே இஸ்திரி போட்டேன். நான்தானே பட்டன் போட்டுவிட்டேன், வேணாம்மா வேணாம்மான்னு நெளிஞ்சுக்கிட்டு நின்னான். அப்பவே புரிஞ்சுபோச்சு. இந்த மனுஷன் புள்ளையைப் பார்க்கவே இல்லைன்னு."

ஸ்கூட்டரின் நட்டு ஒன்று அவர் கையிலிருந்து உருண்டு சாக்கடை ஓரம் போனது. எடுக்கவில்லை.

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே."

"எப்படிக் கேட்பேன்? நீங்க இருந்த இருப்புக்கு, அந்தப் பொய்யையும் பிடுங்கிட்டா நீங்களும் போய்ச் சேர்ந்துடுவீங்கன்னு பயந்தேன்."

"சரி. அந்தத் தாடிக்காரத் தம்பிகிட்ட ஏன் சொன்னே?"

"அவர் கேட்டது உங்களை. நான் உங்க மூஞ்சியைத்தான் பார்த்தேன், இப்பவாவது வாயைத் திறப்பீங்களான்னு. நீங்க பாட்டுக்கு எந்திரிச்சுக் கொல்லைக்குப் போயிட்டீங்க. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். ஊரறியச் சொல்லிட்டா, பொறுக்க முடியாம ஓடிவந்து 'இல்ல'ன்னு சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். படமே எடுத்து முடிச்சுட்டாங்க. சட்டையே அச்சடிச்சு வித்துட்டாங்க. உங்களைக் காணோம்."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியது எங்கேயோ வழிமாறிப் போய், தோள்கள் குலுங்கின. மனைவி தடுக்கவில்லை. கிரீஸ் கையால் கண்ணைத் துடைக்கப் போனபோது மட்டும் முந்தானையை நீட்டினார்.

"நான் ஷூவைத்தாம்மா பார்த்தேன். அவ்வளவுதான் தெரிஞ்சுது."

மனைவி சட்டென்று நிமிர்ந்தார்.

"ஷூவா? நான் கிளம்பும்போது வெறுங்காலோட இருந்தான். எனக்கு அது தெரியாதே. எப்படி இருந்துச்சு?"

"கறுப்பு. பட்டாளத்து ஷூ. நல்லா பாலிஷ் போட்டிருந்தான். குதிகால்ல மட்டும் கொஞ்சம் சேறு. நம்ம வாசல் சேறுதான்."

"அப்புறம்?"

"ஒரு லேஸ் அவிழ்ந்து கிடந்துச்சு. முட்டி போட்டுக் குனிஞ்சு கட்டினான்."

"கை தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தான்."

"ரெட்டை முடிச்சுப் போட்டானா? சின்னதுல எத்தனை தடவை சொல்லிக் குடுத்தேன்."

"ரெட்டை முடிச்சுத்தான். மெதுவாத்தான் கட்டினான்."

மனைவி தன் விரல்களால் மடியில் ஒரு முடிச்சைப் போட்டுப் பார்த்தார். மகனின் கடைசி நாளில் அவரிடம் சட்டைவரைதான் இருந்தது. இப்போது ஷூவும் வந்து சேர்ந்தது. பிறகு, மருந்துச் சீட்டில் புரியாத ஒரு எழுத்தைப் பார்ப்பதுபோலக் கணவரைப் பார்த்தார்.

"அவ்வளவு கீழ குனிஞ்சான்னா, உங்க மூஞ்சி தெரிஞ்சிருக்குமே. பார்த்தானா?"

மேஸ்திரி எழுந்தார். "இரு. கை கழுவிட்டு வந்து சொல்றேன்."

குழாயடியில் சோப்பு கரைகிறவரை கழுவினார். குனிந்த முகம் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. லேஸ் அவிழ்ந்ததா, குனிய ஒரு சாக்கு வேண்டும் என்று அவனே அவிழ்த்துவிட்டானா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அந்த முகம் சிரிக்கத் தயாராக இருந்தது. இவர்தான், சட்டை என்ன நிறம் என்று பார்க்கும் முன்பே, தன் முகத்தை போல்ட் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் திரும்பி வந்தபோது சின்னவள் வந்துவிட்டிருந்தாள். "என்னாச்சு அப்பாவுக்கு?" என்று பதறிக்கொண்டிருந்தாள். "வயிறு சரியில்லடி" என்றார் அம்மா. ஆக, முடிதிருத்தும் கடைக்காரர் சொன்னதுதான் வீட்டளவில் அதிகாரபூர்வமான காரணம்.

இப்போதெல்லாம் அந்த அம்மா மருந்துக்கடைக்குப் போகிற வழியில் ஒர்க்ஷாப் வாசலில் கொஞ்சம் நிற்கிறார். மேஸ்திரி எந்த வண்டிக்கு அடியில் இருந்தாலும் வெளியே வந்துவிடுகிறார். கியர்பாக்ஸ் மாட்டும் நேரமானால் "இரும்மா, வர்றேன்" என்று குரல் கொடுக்கிறார். "கடைக்குப் போய்ட்டு வர்றேங்க" என்கிறார் மனைவி. "சரிம்மா" என்கிறார் இவர். இன்னும் ஏதாவது வருமா என்று மனைவி ஒரு கணம் பார்க்கிறார். இவர் கைகளைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே நிற்கிறார். கை கழுவிவிட்டு வந்து சொல்கிறேன் என்றது அப்படியே நிற்கிறது.